பதினொரு நிமிடம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், ஞாயிறு நள்ளிரவு.
கொதிகலனை அணைத்து ஆறவிட்டிருந்தார்கள்.
பதினாறு வருடமாக
வால்வுகளோடு மட்டுமே பேசிவந்த கணினி.
அதன் முதுகில் நீலக் கேபிளைச் செருக
என்னை அனுப்பியிருந்தார்கள்.

நடுவில் ஃபயர்வால், திறந்தது இரண்டே வாசல்.
வரைபடத்தை விரித்துக் காட்டினேன்.
பூட்டு சரி, சாவி யாரிடம்
என்று கன்னடத்தில் கேட்டார் புட்டசாமி.
ஹெட் ஆபீஸில், என்றேன்.
ஒன்றும் சொல்லாமல்
டீ டம்ளரை யுபிஎஸ் மேல் வைத்தார்.

செருகினேன்.
பச்சை விளக்கு இரண்டு முறை இமைத்தது.
கம்பெனி சர்வரிடம் அது கேட்ட முதல் கேள்வி:
மணி என்ன?

இரண்டு பதினான்கு
கண்ணெதிரே
இரண்டு இருபத்தைந்து ஆனது.

பிந்திப்போன அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான்
இத்தனை நாள் ஷிஃப்ட் மாற்றினார்கள்,
அழுத்தம் குறித்தார்கள்,
ஜாலஹள்ளி கிராஸில்
கடைசி பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்து நின்றார்கள்.

காலையில் வைட்ஃபீல்டிலிருந்து மெயில்:
இரண்டு பதினான்கு முதல் இருபத்தைந்து வரை
பதிவு எதுவும் இல்லை.
பணியில் இருந்தவர் யார்? விளக்கம் தேவை.

அந்த நிமிடங்கள் நடக்கவே இல்லை என்று
தட்டச்சு செய்தேன். அழித்தேன்.
வேறு மாதிரி எழுதினேன், அதையும் அழித்தேன்.

யாராவது இருந்தாகணுமே சார், என்று
லாக் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார் புட்டசாமி.
இல்லாத பதினொரு நிமிடத்துக்கு நேராகப்
பெயர் எழுதினார்.
பாதியில் பேனா நின்றது.
உதறிவிட்டு
மீதியையும் எழுதினார்.