வாசல் இருந்த பக்கம்

பக்கெட்டை நிறுத்தியது நான்தான்.
உபின் தீவில் குழாய் பதிக்கும் வேலை.
செம்மண்ணில் ஒரு கறுப்பு வட்டம்,
டீ டம்ளர் வைத்து எடுத்த தடம் மாதிரி.
ஓர் எட்டு தள்ளி இன்னொன்று.
அப்புறம் இன்னொன்று.

"வேர்தான், போடு" என்றார் சூப்பர்வைசர் கோ.
வேர் இஷ்டத்துக்குப் போகும்.
இப்படி அளந்து அளந்து நடக்காது.

மூன்றாம் நாள் படகில் நோர்ஹலிசா வந்தார்,
தூரிகை, சல்லடை, ஓட்டைக் குடையோடு.
ஒரு வாரம் மண்டியிட்டுச் சுரண்டியதில்
பதினேழு குழிகள். கம்பு நட்டவை.
கம்பு மக்கிவிட்டது,
நட்ட இடம் இன்னும் நட்டபடி.
நடுவிலிருந்து சற்று விலகி அடுப்புக்கரி.
வெளியே, பத்தடி தள்ளி,
வேலி ஒன்று கிடந்த கறை.
கிழக்கே மட்டும் இரண்டு எட்டு இடைவெளி.
"வாசல்" என்றார்.

எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டேன்.
கரி சொல்லட்டும், நான் முந்தக்கூடாது என்றார்.

தண்ணீர் கேன் தூக்கிவரும் ஷஃபீகுலுக்கு
நேரே வந்தால் நாலு எட்டு.
அவன் வரவில்லை.
சுற்றிப்போய்க் கிழக்கே நுழைந்தான்,
கொடுத்தான், கிழக்கே வெளியேறினான்.
யாரும் சொல்லித்தரவில்லை.
போனில் கத்திக்கொண்டே வந்த கோகூட
இல்லாத சுவருக்கு வெளியே நின்றுதான்
கத்தி முடித்தார்.

ராத்திரி கிராஞ்சி விடுதியில், மேல்கட்டிலில் எண்ணிப்பார்த்தேன்.
எங்கள் வேலிக்கும் ஒரே வாசல். அட்டை வைத்தால் பச்சை எரியும்.
கான்கிரீட்மேல் உட்காரவைத்த கன்டெய்னர்கள்.
கிரேன் வந்து தூக்கிப்போனால்
மண்ணில் ஒரு குழி இருக்காது.

மழைக்கு மறுநாள்
தார்ப்பாய்க்கு அடியில் குளம்படிகள்.
காட்டுப்பன்றி, வடக்குச் சுவரைத் தாண்டி.
ஒன்பதாம் குழியின் விளிம்பு சரிந்திருந்தது.
நோர்ஹலிசா முதலில் சிரித்தார்.
அப்புறம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர்
வெகுநேரம் எழவில்லை.

கடிதம் வந்தது: காப்பாற்றலாம்.
காப்பாற்றுவதென்றால் மூடுவதாம்.
வெள்ளைத் துணி, அதன்மேல் ஓரடி மணல்,
அதன்மேல் எடுத்த மண், எடுத்த வரிசையில்.
குழாய் வளைந்து போகும்.
வரைபடத்தில் ஓர் எண் இருக்கும்.
மூடும் வேலையும் எனக்கே வந்தது.

அவ்வளவு மெதுவாக
நான் பக்கெட்டை இறக்கியதே இல்லை.

கடைசி மண்ணை மண்வெட்டியால் தட்டி நிமிர்ந்தபோது
நடுவில் நின்றிருந்தேன்.
எங்கும் ஒரே தரை.
படகுத்துறை மேற்கே.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
கிழக்கே நடந்தேன்,
இரண்டு எட்டு அகலத்துக்குள்,
பிறகு சுற்றிக்கொண்டு மேற்கே.

படகுக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.