நெல்மூட்டைக்கும் பெல்ட்

மல்லாவிச் சந்தியில் முன்சீற்றில்
ஒரு மூட்டை நெல் வைத்தேன், அவ்வளவுதான்.
அக்சியோ கத்தத் தொடங்கியது.
ஆளென்று நினைத்துவிட்டது போல.
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று
வவுனிக்குளக் கட்டுவரைக்கும் சிணுக்கம்.
கடைசியில் ஓரமாக நிறுத்தி
நெல்மூட்டைக்குப் பெல்ட் போட்டுவிட்டேன்.
பிறகு பேசாமல் வந்தது.

மொறிஸ் மைனர் எதையும் கேட்டதில்லை.
கேட்க அதற்கு வாயுமில்லை:
கோர்ன் செத்து இருபது வருஷம்.
கையை வெளியே விட்டுக் கதவில் தட்டுவேன்,
மாடு விலகும்,
மனிசர் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே நிற்பார்கள்.

அதைப் புகழ்வதற்கு இதை எழுதவில்லை.
மாரியில் கால்மாட்டில் வெள்ளம் ஏறும்.
மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில்
ஊசியால் காபரேற்றருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோல்,
பிறகு முன்னால் கம்பியைக் கொழுவிச் சுற்று, சுற்று.
ஒருநாள் கம்பி திருப்பி அடித்து
வலது மணிக்கட்டு முறிந்தது.
இன்பமலர் அன்றைக்கு அந்தக் காருக்கு வைத்த பெயரை
இங்கே எழுத ஏலாது.

அக்சியோவில் குளிர் வரும், பாட்டு வரும்,
பின்னால் நிற்பது நாயா கல்லா என்று
படம் வரும்.
பதினேழாம் திகதி
லீசிங்காரனும் வருவான்.

போன சனி கொழும்பிலிருந்து ஜெயசீலன் வந்தார்,
பழைய கார் சேர்க்கிறவர்.
சின்னக் காந்தம் ஒன்றால்
மொறிஸின் உடம்பெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.
ஒட்டாத இடத்தில் விரலால் தட்டிக்
கொப்பியில் குறித்தார்.
பொனெற் ஒரிஜினல்.
டிக்கி மூடி இல்லை. சீற்று இல்லை. டைனமோ இல்லை.
(வெயிலில் கிடந்த வாகனக் குவியலுக்குள்
மூன்று வருஷம் கழித்துக் கண்டெடுத்தபோதே
அவை இல்லை.
நம்பர் தகட்டில் ஸ்ரீ மட்டும் தெரிந்தது.)

கீழே படுத்து ரோர்ச் அடித்தவர்
"இதென்ன தகரம்?" என்றார்.
திரும்பிக் குடியேறிய வருஷம் கிடைத்த
நிவாரண எண்ணெய் ரின்,
வெட்டி விரித்து நானே அடித்தது.
எழுத்து உள்பக்கம், மிதியடியைத் தூக்கினால்
இன்னும் வாசிக்கலாம்:
விற்பனைக்கு அல்ல.

அதற்கும் பத்தாயிரம் கழித்தார்.

"எத்தனை பேர் வசதியாய்ப் போகலாம்?"
நாலு பேர் என்றேன்.
இங்கிருந்து விசுவமடுவுக்குப் பதினொரு பேர்,
ஒரு தையல் மெசின்,
அடைகாத்துக்கொண்டிருந்த கோழி, முட்டையோடு.
சொல்லியிருந்தால்
சஸ்பென்சனுக்கும் கழித்திருப்பார்.

லொறியில் ஏற்றினார்கள்.
மாங்குளம் வரைக்கும் அக்சியோவில் பின்னால் போனேன்.
ஏன் போனேனென்று கேட்காதேங்கோ,
ரயர் கடையில் ஒரு வேலை இருந்தது.
சந்தியில் லொறி தெற்கே திரும்பியது,
தார்ப்பாயின் கீழே ஒரு மட்காட் மட்டும்,
பிறகு அதுவும் இல்லை.
காசு பொக்கற்றில்.
ஐந்து தவணை ஒன்றாய்க் கட்டலாம்.

பாலிநகர் தாண்டித்தான் கண்டேன்:
சுற்றுகிற கம்பி முன்சீற்றில் கிடக்கிறது.
கொடுக்கத்தான் எடுத்து வைத்தேன்,
மறந்துபோனேன், சத்தியமாய்.
போன் அடித்தது. ஜெயசீலன்.
நின்றது. திரும்ப அடித்தது.

நெல்லுக்குக் கத்திய கார்
வாயே திறக்கவில்லை.
இந்தப் பாரம் அதற்குக் காணாது.