ஏறியோர், இறங்கியோர்

இருபது கொண்டை ஊசி வளைவும்
என் இடுப்புக்கு மனப்பாடம்.
ஏழாவதில் இடதுகால் தானாக அகலும்.
பதினொன்றில் எலுமிச்சம்பழம் கேட்பார்கள்.
பதினாலில் யாராவது
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்கள்,
நான் முகம் திருப்பிச் சில்லறை எண்ணுவேன்.
ஒன்பது வருஷம், நாளைக்கு மூன்று நடை.
"ஏற்காட்டுக்குப் போயிருக்கே,
மலை ஏறினதில்லே" என்றான் அம்மாசி.

அம்மாசி டெப்போவில் டயர் பிரிவு.
பழைய டிரிப் ஷீட்டின் முதுகில்
உச்சிகளின் பட்டியல் வைத்திருக்கிறான்:
கஞ்சமலை, நகரமலை, ஜருகுமலை.
ஊத்துமலையை அடித்துவிட்டு
பக்கத்தில் பொடி எழுத்தில்
'படிக்கட்டு உண்டு, கணக்கில் வராது.'
ஒவ்வொன்றுக்கும் எதிரே
உயரம், தேதி, வலித்த முழங்கால் எது என்று.

மிச்சமிருந்தது ஒன்று.
அதற்குப் பெயர்கூட இல்லை,
வரைபடத்தில் ஓர் எண், ஒரு புள்ளி.
வார ஓய்வில் என்னையும் இழுத்துப் போனான்.

கோரிமேட்டில் இட்லி கட்டிக்கொண்டு
விடியுமுன் சரிவில் நுழைந்தோம்.
உண்ணிமுள், மூங்கில் சருகு,
பிறகு வெறும் பாறை.
டயரில் காற்றுப் பார்ப்பவன்போல
ஒவ்வொரு கல்லையும் தட்டிவிட்டே மிதித்தான்.
வளைவே இல்லாத இடத்தில்
என் உடம்பு வளைவுக்குச் சாய்ந்தது.
பிடித்துக்கொள்ள மேலே கம்பி தேடிய கை
காற்றைப் பிடித்தது.
கீழே வெள்ளைக்கல் சுரங்கம்
கவிழ்ந்த சுண்ணாம்பு டப்பா.
அதற்கப்பால் ஊர், ஊருக்கப்பால் புகை.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
இறங்கிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்,
மூன்றாவது முறை சொல்லியே விட்டேன்.
அவனுக்குக் காது கேட்கவில்லை
அல்லது கேட்டது.

பதினொன்றரைக்கு முள்கம்பி.
உச்சி அந்தப் பக்கம்,
பஸ் நீளம் ஒன்றரைகூட இருக்காது.
காபித் தோட்டத்துக் காவலாம்,
கையில் அரிவாளோடு ஓர் அம்மாள்.
ரப்பர் செருப்பு, ஆண் சட்டை.
"அங்க என்ன இருக்குது?"
"ஒண்ணுமில்லீங்க."
"அப்புறம் எதுக்கு?"
அம்மாசி சட்டைப் பையிலிருந்து
காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினான்.
தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு கம்பியைச் செருப்புக்காலால் மிதித்து அமுக்கி,
"நானும் வாரேன்" என்றாள்.
"பதினோரு வருசமா இதைக் காக்கறேன்,
மேல நின்னதில்லே."

உச்சி கூராக இல்லை.
கட்டில் அளவு பாறை, குழியில் மழைத்தண்ணீர்,
அதில் ஒரு குளவி.
சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் மூடியிருந்தது.
பழக்கம், வாயில் விசில் வந்துவிட்டது.
ஒன்று கொடுத்தேன்.
எதுவும் நிற்கவில்லை.
"வண்டி எங்கடா?" என்று அம்மாசி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வெள்ளச்சி, அதுதான் அவள் பெயர்,
சிரிக்கவில்லை.
முந்தானையால் முகம் துடைத்து
தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு
"நாலு ரோடு எது?" என்றாள்.
மகள் அங்கே துணிக்கடையில் நிற்கிறாளாம்,
காலை ஒன்பதிலிருந்து இரவு பத்துவரை,
உட்கார விடமாட்டார்களாம்.
நான் கைநீட்டிய திசையில்
வெயில் மட்டும் மினுங்கியது.
தகரமா, கண்ணாடியா, கார்களா தெரியவில்லை.
"அந்தா, அதுவா?"
அதுவாக இருக்கலாம் என்றேன்.
டிக்கெட் கிழிக்கிறவன்
இத்தனை நிச்சயமில்லாமல்
ஒரு நிறுத்தத்தைச் சொன்னதேயில்லை.

இட்லி ஆளுக்கு மூன்று.
சட்னி புளித்திருந்தது.
நேரமாச்சு என்று எழுந்தோம்.
"நீங்க போங்க" என்றாள்,
திரும்பிப் பார்க்காமல்.
அரிவாள் கம்பியோரம் கிடந்தது.

அடிவாரத்து டீக்கடை பெஞ்சில்
அம்மாசி காகிதத்தைப் பிரித்தான்.
உயரம் எழுதினான், தேதி எழுதினான்,
வலது முழங்கால் என்று எழுதினான்.
பேனாவை வாங்கி
அதற்குக் கீழே நான் எழுதினேன்:
ஏறியோர் மூன்று.
இறங்கியோர் இரண்டு.

கணக்கு இடிக்குதே என்றான்.
இடிக்கட்டும் என்றேன்.
மேலே எங்கோ ஒரு வளைவில்
நாலு மணி வண்டி ஹார்ன் அடித்தது.