தரை விலை

மண்டபத்தில் எனக்கு ஒரு வீடு உண்டு,
இரண்டு அறை, நானூற்றிருபது சதுர அடி.
அதில் ஒரு ராத்திரிகூட நான் படுத்ததில்லை.
ராமநாதபுரத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு
அங்கே வாடகை வாங்குகிறவள்.

உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீடு.
சிமெண்டுத் தரை பூத்துவிட்டது.
பெருக்கப் பெருக்க வெள்ளைப் பொடி.
வந்துபோன குடித்தனம் எல்லாம்
தரையில் ஏதாவது விட்டுப் போயிருக்கிறது:
காவல்படைக்காரர் வீட்டு சிலிண்டரின் துரு வளையம்,
மீன்வளத்துறைத் தம்பி அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்த இடம்,
ஒட்டுப் பூசிய அன்று ஈரத்தில் மிதித்த
யாருடைய குழந்தையோ, மூன்று விரல் மட்டும்.

டைல்ஸ் கடையில் அஸனார் பாய்
கண்ணாடி போல ஒன்றைத் தூக்கி நிறுத்தினார்.
"சதுர அடி முப்பத்திரண்டு.
போட்ட மாசமே வாடகை ஆயிரம் ஏத்தலாம்."
அதில் என் முகம் தெரிந்தது,
எனக்கு மேலே சுற்றும் மின்விசிறி தெரிந்தது.
பையிலிருந்து ஒரு பிடி கடல்மணலை எடுத்துக் கொட்டி
செருப்பால் தேய்த்தேன்.
பாய் கோபப்படவில்லை.
குனிந்து கீறலைப் பார்த்துவிட்டு,
"மண்டபம்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

பிறகு உள்ளறையிலிருந்து வந்தது அது.
பளபளப்பு இல்லாதது, ஈரமண் நிறம்,
ஒரு ஓரம் உடைந்த மாதிரித் துண்டு.
"பாருங்க, உடைஞ்சாலும் உள்ளேயும் அதே நிறம்.
மனுசன்ல இப்படிக் கிடைக்காது. முப்பத்தெட்டு."
பழைய சரக்கு, இரண்டு லாட், நிறம் கொஞ்சம் முன்னே பின்னே.
அறைக்கு ஒரு லாட்டாகப் போட்டால் யாருக்குத் தெரியும்?

கொத்தனார் சந்தியாகு போனில் சொன்னார்:
"நல்ல தண்ணி லாரி ஒண்ணு சொல்லிருங்க.
கல்லுல மிச்சம் பிடிங்க, தண்ணியில பிடிக்காதீங்க."
கல்லுக்கு முப்பத்தெட்டு, பதிக்க இருபத்திரண்டு,
லாரி, சிமெண்டு, மணல், ஏற்றுகூலி;
முப்பதாயிரம் தாண்டியது.
ஒன்பது மாத வாடகை
தரைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சேதி சொல்லப் போனேன்.
நம்புசெல்வி அப்போதுதான்
நண்டு கம்பெனியிலிருந்து வந்திருந்தாள்,
ஓடு கீறிய விரல்களில் துணி சுற்றி.
அவள் புருஷன் ஐஸ் பெட்டியை
வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் இழுத்துப்போனான்.
பெட்டிக்குப் பின்னால் ஒரு நீளத் தண்ணீர்.
"தரையை மாத்தாதீங்கக்கா" என்றாள்.
"பூத்தா பெருக்கிக்கிறேன்.
மாத்துனா ஐநூறு கூடக் கேப்பீங்க."

போன ஆவணியில் என் வீட்டுக்காரரும்
நான் கேட்காமலே டைல்ஸ் போட்டார்.
புரட்டாசியில் எண்ணூறு ஏறியது.
அந்தத் தரையில் ஈரக்காலோடு நடக்க
எனக்கு இன்னும் பயம்.

"ரெண்டு வருஷம் ஏத்த மாட்டேன்."
"எழுதித் தருவீங்களா?"

வேலை தொடங்கிய அன்று
சந்தியாகுவின் பென்சிலை வாங்கி
ஒரு கல்லின் முதுகில் எழுதினேன்.
வரிவரியான முதுகு.
என் எழுத்து குதித்துக் குதித்து ஓடியது:
மூவாயிரத்து ஐநூறு, இரண்டு வருடம், கையெழுத்து.
அவர் அதைக் கலவையில் கவிழ்க்கப் போனார்.
"ஐயோ அண்ணே!" என்று பாய்ந்தாள் நம்புசெல்வி.
"நாளைக்குக் காட்டணும்னா
வீட்டையா பேப்பேன்?"

உபரியாக ஆறு கல் மிஞ்சியது.
உடைந்தால் மாற்ற வேண்டுமே என்று
அங்கேயே கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு வந்தேன்.

தை மாதம் போனபோது
ஐஸ் பெட்டியின் தடம் நடுக்கூடத்தில் சாம்பலாய் ஒரு கோடு.
கால் விரலால் தேய்த்தேன், போய்விட்டது.
உப்பு இன்னும் சுவரோரம் மட்டும் எட்டிப் பார்க்கிறது.
கதவை மூடிக் கற்களை எண்ணினேன்.
ஆறும் இருந்தன, ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு.
அன்று தேதி போட மறந்திருந்தேன்.
என் கையெழுத்துக்குக் கீழே
வேறு கையில், நீல மையில்,
யாரோ போட்டிருந்தார்கள்.