ஏழாவது பொருள்

பிப்ரவரி முதல் வாரம். மணி ஒன்பது,
இன்னும் விடிந்து முடியவில்லை.
பதினோரு நூலகங்களின் கூட்டம்
கர்ஹுவாரா நகர நூலக மாடியில்.
எனக்கு வாக்கு கிடையாது. நான் வண்டியோட்டி.
ஏழாவது பொருள் என் டயர்கள் என்பதால்
கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

பதினோரு நூலகத்துக்கும் ஒரே அட்டை,
ஒரே பட்டியல், ஒரே வண்டி.
இந்த மூன்றில் தேய்வது
வண்டி மட்டும்.

நகரத்துக்கு நான்கு வாக்கு,
மற்ற பத்து ஊருக்கும் ஒவ்வொன்று.
எதையும் மாற்ற பத்து வாக்கு வேண்டும்.
எண்பத்தேழில் எழுதிய விதி.
எழுதியவர்களில் பாதிப் பேரின் அட்டை
இப்போது செல்லாது.

ஒன்று, சென்ற கூட்டக் குறிப்பு.
இரண்டு, அதில் ஓர் எழுத்துப் பிழை.
மூன்று, யாரும் எடுக்காத புத்தகத்தை
யார் கழிப்பது?
அரை மணி நேரம் போயிற்று.
கழிக்க ஒருவருக்கும் மனமில்லை,
அலமாரியும் ஒருவருக்கும் போதவில்லை.
ஒத்திவைத்தார்கள்.

நான்கு:
திருப்பித் தந்த ஊரிலேயே
புத்தகம் தங்கிவிடட்டும், அடுத்தவர் கேட்கும்வரை.

நகரத்து இர்மெலி ஹெய்க்குரா
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
“வாங்குவது நாங்கள். வைத்துக்கொள்வது நீங்கள்.
இதற்கு வேறு பெயர் உண்டு, சொல்ல மாட்டேன்.”

ராசிலம்பியின் தௌனோ எழுந்தார்:
“போன மாதம் ஒரு புத்தகம்
எங்களிடமிருந்து நகரத்துக்குப் போனது.
மறுநாளே எங்களுக்கே வந்தது.
கேட்டவர்
கொடுத்தவருக்கு எதிர்வீட்டுக்காரர்.
இருநூற்றெண்பது கிலோமீட்டர்.”

எனக்குத் தெரியும்.
அன்றுதான் பின்சக்கரத்தில்
இரண்டு ஆணி உதிர்ந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது கைகள்.
எதிராக நகரத்தின் நான்கு.
ஒரு நாற்காலி காலி.
ஹௌத்தபேரா, முந்நூற்று நாற்பது பேர்,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திறப்பு.
அங்கே நூலகர் ஹில்க்கா ஒருத்திதான்.
அவள் வரும் சாலையைப் பனி மூடியிருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது.
நேற்று மாலை அவள் கொடுத்த சாம்பல் பெட்டியில்
மேலே ஓர் உறை இருந்தது.
ஏதோ ரசீது என்று
பின்னல் புத்தகத்துக்குள் செருகிவிட்டேன்.

கீழே ஓடினேன், மேலே ஓடினேன்.
பிரித்தார்கள்.
“நான்காவது பொருள்: சம்மதம்.
ஏழாவது பொருள்: ஈஸ்டருக்கு முன் வாங்கிக் கொடுங்கள்,
அந்த மனிதன் ஒருநாள் ஏரிக்குள் போய்விடுவான்.”
கையொப்பம். நூலக முத்திரை.

தலைவர் விதிநூலைப் புரட்டினார்.
வராதவரின் வாக்கு
தபாலிலோ தூதர் வழியாகவோ வரலாம்.
பதினான்கு கண்கள், இருபது கண்கள்
என் பூட்ஸ் மேல்.
பனி உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.
“இவர் தூதரா?”

பத்தொன்பது வருடம்
இந்த மாடிக்குப் பெட்டி தூக்கியிருக்கிறேன்,
எனக்கு இப்படி ஒரு பெயர் இருக்கலாம் என்று
யாரும் கேட்டதில்லை.

இர்மெலிதான் முதலில் கை தூக்கினார்.
“இவர் இல்லையென்றால் வேறு யார்?
எழுதுங்கள், தூதர்.”
தன் தோல்விக்குத் தானே கையெழுத்திட்டுவிட்டு
கண்ணாடியைத் தேடினார்.
அது அவர் கண்முன்னே இருந்தது.

பத்துக்கு நான்கு. நிறைவேறியது.
ஐந்து, ஆறு, தாமதக் கட்டணம்,
புதிய திரைக்கான டெண்டர்.
மூன்று மணிக்கு இருட்டத் தொடங்கியதும்
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
காபி தீர்ந்திருந்தது.
ஏழாவது பொருள்
அடுத்த கூட்டத்துக்கு.

பரவாயில்லை என்றேன். வேறென்ன சொல்வது.
பெட்டிகளை ஏற்றினேன்.
ஹௌத்தபேராவுக்கு ஒன்று:
நகரம் வாங்கிய பறவைப் புத்தகம்,
புதுசு, பிளாஸ்டிக் உறை வாசம் போகாதது.
முன்பென்றால் மாதக் கடைசியில் திரும்பிவரும்.
இனி அது அங்கேயே இருக்கலாம்.

பாலத்தருகே பின்சக்கரம் லேசாக வழுக்கியது.
பனிமான்கள் இரண்டு நடுச்சாலையில்.
நின்றேன். அவையும் நின்றன.
யார் முதலில் போவதென்று
எங்களுக்குள் விதி எதுவும் இல்லை.