சுருக்கச் சோதனை

நான்கு சட்டைகள், ஒரே வெளிர்நீலம்.
நாட்டுச் சீட்டைக் கத்தரித்துவிட்டுக்
கழுத்துப்பட்டிக்குள் பேனாவால் எண் போட்டேன்.
அலுவலக இயந்திரம் பழுது.
ஈசூனில், பதினோராம் மாடியில்,
என் வீட்டு இயந்திரம் சுற்றுகிறது, நாற்பது டிகிரியில்.

பேரங்காடி ஊழியர்களுக்கு நாற்பதாயிரம் உருப்படி.
திருப்பூர் மூன்று வெள்ளி பத்து.
சிட்டகாங் இரண்டு எண்பத்தைந்து.
ஹோ சி மின் அதற்கு ஐந்து காசு மேலே.
நோம் பென் இரண்டு எண்பத்திரண்டு,
கப்பல் கூலி தனி என்று அடியில் பொடி எழுத்து.
ஒருவர் விலையை மற்றவரிடம் நான் சொல்வதில்லை.
ஆனாலும் தெரிந்துவிடுகிறது,
பக்கத்து வீட்டு இருமலைப் போல.

இரவு பதினொன்றுக்குக் கைப்பேசி மினுங்குகிறது.
மூன்று காசு குறைக்கிறேன் மேடம், என்கிறார் சிட்டகாங் மொனிருல்.
துவெத் பத்து நாள் முன்னதாகவே கப்பலேற்றுவாளாம்.
வெள்ளியங்கிரி குரல் பதிவே அனுப்புகிறார்:
"நீங்க நம்ம ஆளுங்க, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

நம்ம ஆளு.
நான் பிறந்தது செம்பவாங்கில்.
அவர் ஊரில் ஒரே ஒரு நாள் இருந்தேன், ஆலைத் தணிக்கைக்கு.
இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.
அறிக்கையில் இளநீருக்குக் கட்டம் இல்லை.

மூங்கில் கழியில் கைகளைக் கோத்து
நான்கையும் சன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
காற்றில் ஒன்றையொன்று அறைந்துகொண்டன.
பத்தாம் மாடி ரொஹாயு எட்டிப் பார்த்துக் கத்துகிறார்:
என் போர்வைமேல் சொட்டுதே, எந்த வீட்டுத் தண்ணி இது?
நல்ல கேள்வி.

காலையில் அளவுநாடா.
ஒன்றாம் எண் நீளத்தில் இரண்டு விழுக்காடு.
இரண்டில் பக்கத் தையல்
பாம்பு போல வயிற்றுக்கு வந்துவிட்டது.
மூன்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் பலம்.
நான்கு, ஐந்தரை. வரம்பு ஐந்து.
நாடாவைத் தளர்த்தி மறுபடி அளந்தேன்.
தளர்த்தியதற்கு வெட்கி, இறுக்கி அளந்தேன்.
ஐந்தரைதான்.

எந்த எண் எந்த நாடு என்ற தாள்
கைப்பையில் மடித்தபடி இருக்கிறது.
நான்கின் உள்தையலில் வெட்ட மறந்த நூல்வால்,
சுண்டுவிரல் நீளம்.
அந்த நொடியில் யாரோ கழுத்தை நிமிர்த்தியிருக்க வேண்டும்,
அதற்குள் அடுத்த சட்டை வந்திருக்க வேண்டும்.

மேலாளரின் செய்தி:
எவர் தேறினாலும் சரி,
மற்ற மூவரின் விலையைக் காட்டி
இன்னும் ஐந்து காசு இறங்கச் சொல்.

நூலை விரலில் சுற்றிக்கொண்டு தட்டுகிறேன்.
"அன்புள்ள" என்று தொடங்குகிறது கடிதம்.
நான்கு பேருக்கும் அதே அன்புள்ள.