இரண்டாவது கம்பிவலை

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
மீன்பெட்டிக்குள் வைத்து விற்றவன்
பெட்டை என்று சத்தியம் பண்ணினான்.
அடுத்த கிழமை ஆரபி சுன்னாகத்திலிருந்து கொண்டுவந்ததும்
பெட்டைதானாம்.
மங்கல் வெள்ளைக்கு ஒடியல் என்றும்
மற்றதற்குக் குரக்கன் என்றும் பெயரிட்டோம்.
எட்டுக் கிழமைக் குட்டிகள்,
இரண்டையும் ஒரே சுளகில் ஏந்தலாம்.

ஏந்தலாம்தான். சேர்க்க முடியவில்லை.
என் கட்டிலுக்குக் கீழே நிலம் முழுவதும்
நாடியைத் தேய்த்துத் தேய்த்து
ஒடியல் ஏற்கெனவே உறுதி எழுதிவிட்டது.
குரக்கன் ஒரு காலை வைத்ததும்
பாய்ந்து வந்து கொத்தாய் மயிர் பிடுங்கியது.

எவருக்கும் உறுதியில்லாத நிலம் தேடினோம்.
குளியலறை.
ஓடு வழுக்கும் என்று பழஞ்சாரம் விரித்தோம்.
முதல் பத்து நிமிடம்
கலியாண வீட்டில் கோபக்காரர் மாதிரி
ஆளுக்கொரு மூலையில் முகம் கழுவின.
பிறகு வட்டம்,
வட்டத்துக்குள் வட்டம்,
பிறகு குரக்கன் தலைப்பக்கமாய் ஏறியது.
அப்படி ஏறினால் கீழே இருப்பது கடிக்கும்.
கடித்தால் போவது என்ன என்று நாங்கள் யோசிக்கவில்லை;
இரண்டும் பெட்டை அல்லவா.
விலக்கிவிட்டேன். என் பெருவிரல்தான் போனது.

இரவில் அதன் துணி இதற்கு, இதன் துணி அதற்கு.
பகலில் ஒரே தட்டில் முருங்கையிலை.
பன்னிரண்டாம் நாள்
ஒடியல் தலையைத் தாழ்த்தி
குரக்கனின் நாடிக்குக் கீழே செருகியது.
குரக்கன் யோசித்தது.
வெகுநேரம் யோசித்தது.
வெளியே அப்பா துவாயோடு நின்று கதவைத் தட்டினார்.
பொறுங்கோ அப்பா, என்றாள் ஆரபி,
குரல் உடைந்து.
நெற்றியில் மூன்று தரம் நக்கியது குரக்கன்.

அந்த ஞாயிறே வைத்தியர்
குரக்கனைப் புரட்டி, பெருவிரலால் மெல்ல அழுத்தி,
"இது பெடியன்" என்றார்.
"சத்திரசிகிச்சைக்கு இன்னும் ஐஞ்சு கிழமை போகட்டும்.
செய்த பிறகும் ஒரு மாதம் நம்பேலாது.
இண்டைக்கே பிரியுங்கோ.
ஒரு வலை காணாது, வலைக்குள்ளாலயும் குட்டி வரும்.
ரெண்டு வலை. இடையில நாலு விரல்."

வீட்டில் இருந்தது ஒரு வலை.
ஹாட்வெயார் எல்லாம் பூட்டு.
மேற்கு வேலிக்கு அங்கால்
அருளம்பலத்தாரின் கோடிக்குள்
சுருட்டிய கம்பிவலை கிடப்பது கொக்குவில் முழுக்கத் தெரியும்.
பதினாறு வருசமாய் அப்பா அவரோடு கதைப்பதில்லை.
ஒரு கதியால், ஒன்றரை அடி,
நாலு சட்டத்தரணிகள், அதில் ஒருவர் செத்தும் போனார்.

நான் போனேன்.
"எத்தனை அடி?"
"ஆறு."
"என்னத்துக்கு?"
"முயலுக்கு. ஒண்டு பெடியனாம்."
அவர் சிரிக்கவில்லை.
அளவுநாடாவை இரண்டு தரம் பிடித்து வெட்டினார்.
"பிறகு கூடக் குறைய எண்டு கொப்பர் கதைக்கக்கூடாது."
நான் படலையைத் தாண்டும்போது கூப்பிட்டார்:
"இடைவெளி விட்டே அடிக்கிறியள்?"
"ஓம், நாலு விரல்."
"அது ஆற்ற பக்கத்தில?"

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.
இன்றுவரை யோசிக்கிறேன்.

இப்போது வலையின் இருபுறமும்
முதுகை முதுகுக்கு நேராய் வைத்துப் படுக்கின்றன.
மறந்துவிடாமலிருக்கத் தட்டுகளை வலையோடு ஒட்டி வைக்கிறோம்.
ஒவ்வொரு காலையும் இடம் மாற்றுகிறோம்,
எதுவும் உறுதி எழுதிவிடாதபடி.
ஐந்து கிழமைக்குப் பிறகு
திரும்பக் குளியலறை, திரும்பச் சாரம்.
அப்போதும் நக்குமா, பிடுங்குமா,
வைத்தியருக்கே தெரியாது.

நேற்றிரவு ஒரு முருங்கை நெட்டு
அந்த நாலு விரலுக்குள் விழுந்துவிட்டது.
அந்தப் பக்கமிருந்து ஒரு மூக்கு,
இந்தப் பக்கமிருந்து ஒரு மூக்கு.
எதற்கும் எட்டவில்லை.
முயலே வேண்டாம் என்று நின்ற அப்பா
குசினிக்குள் போய்
ஒரு ஈர்க்கோடு வந்து குந்தினார்.